கால் கணக்கு

பூட்ஸ் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
முழங்கால் உயரம், கறுப்பு ரப்பர்.
ஈரம் காயட்டும் என்று
படகின் கூரைக் கம்பியில்
தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தேன்.
டார்ச்சும் இருந்தது, புது பேட்டரியோடு,
சர்க்கரை மூட்டைக்குப் பின்னால்.

ஜுருவா ஆற்றில் பதினெட்டு வருஷம்
படகில் கடை நடத்துகிறேன்.
உப்பு, தூண்டில், சோப்பு, பிளாஸ்டிக் வாளி.
ஆறு வளைகிற இடமெல்லாம்
எனக்கு யாராவது கடன் பாக்கி.

இருட்டுகிற நேரம், கயிற்றைக் கட்ட
வெறுங்காலோடு கரையில் குதித்தேன்.
சருகு என்று நினைத்தது சருகில்லை.

ஜரராக்கா. விரியன் குலம்.
கடித்த பிறகும் ஓடவில்லை,
வேரடியில் போய்ச் சுருண்டுகொண்டது,
கதவைத் தட்டாமல் வந்தவன் நான்தான் என்பதுபோல.

என் கொழுந்தியாள் எவுடோசியா
மண்வெட்டியை எடுத்தாள்.
'அதை விடு. மோட்டாரைப் போடு' என்றேன்.
கணுக்காலில் நேர்த்திக்கடன் ரிப்பன் இருந்தது,
மூன்று முடிச்சு, மூன்று வேண்டுதல்,
தானாக அறும்வரை அறுக்கக் கூடாது.
கால் அதற்குள் ரிப்பனை விழுங்கத் தொடங்கியிருந்தது.
சிலுவைக்குறி போட்டுவிட்டு
மீன் கத்தியால் அறுத்தாள்.

பிறகு அந்தப் புட்டியைக் கொண்டுவந்தாள்.

நான் விற்கிற மருந்து.
லேபிளில் பாம்பை மிதித்து நிற்கும் ஒரு புனிதர்.
ஒரு மூடி உள்ளுக்கு, ஒரு மூடி கடிவாய்க்கு.
பெட்டியில் இன்னும் இருபத்திரண்டு இருந்தன.
கரும்புச் சாராயம், ஏதோ ஒரு வேர்,
நிறத்துக்குக் கொஞ்சம் சாயம்:
எனக்குத் தெரியும்.

'வேண்டாம்' என்றேன்.
'ஏன்?'
'அது ஒன்றும் செய்யாது.'

புட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.
'அப்படியானால் ஜெனிவால்டோவின் மகனுக்கு
நாம் கொடுத்தது?'

மோட்டார் சத்தத்தில் கேட்காததுபோல்
கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.
பூட்ஸ் ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணி நேரம்.
விற்க வைத்திருந்த பெட்ரோலும் சேர்த்து
இரண்டரை கேன்.
அசையாதே, அசையாதே என்றாள்,
அசைகிற படகில், அசைகிற தண்ணீரில்.
வேறு எதுவும் கேட்கவில்லை.
கணக்கு எழுதுகிற பேனாவால்
வீக்கம் ஏறிய இடத்தில் கோடு போட்டு
நேரத்தைக் குறித்தாள். 6.40. 7.30.
எட்டரைக் கோடு முழங்காலுக்கு நாலு விரல் கீழே.
வெள்ளம் எதுவரை வந்தது என்று
வீட்டுக் கால்களில் இங்கே கீறிவைப்பார்கள்,
அதே மாதிரி.
நள்ளிரவுக்கு மேல் ஈறு கசிந்தது.
எச்சிலில் இரும்பு ருசி.
கத்தி எடுத்துக் கீறவில்லை, கயிறு போட்டு இறுக்கவில்லை.
கையில் இருந்ததெல்லாம்
பேனா, பெட்ரோல்,
அவளுடைய மௌனம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் க்ளெய்டி
என் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து
இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்தாள்.
உறையவில்லை. தண்ணீர்போல ஓடியது.
குளிர்பெட்டியைத் திறந்தாள்.
நான் பார்த்தேயிராத ஏதோ ஒரு குதிரை
எனக்காக முன்கூட்டியே விஷம் தாங்கியிருந்தது.
சொட்டுச் சொட்டாக இறங்கியது.

கட்டுப் போட்டீர்களா? இல்லை.
கீறினீர்களா? இல்லை.
நாட்டு மருந்து, சாராயம், ஏதாவது குடித்தீர்களா?
இல்லை.

'விவரம் தெரிந்தவர்' என்றாள்,
என் காலில் இருந்த நேரங்களைத்
தன் தாளில் பார்த்து எழுதிக்கொண்டே.
'எல்லாரும் இப்படி இருந்தால் எவ்வளவு நல்லது.'

கடித்ததுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

இப்போது பூட்ஸ் விற்கிறேன்.
முப்பத்தெட்டாம் அளவு தீர்ந்துவிட்டது.
புட்டிகளை ஆற்றில் கொட்டினேன்,
மீன்களிடம் மன்னிப்புக் கேட்டு.
ஜெனிவால்டோவின் கரையில் மட்டும்
இன்னும் கயிறு கட்டவில்லை,
தண்ணீர் குறைவு என்று சொல்லி
நடு ஆற்றிலேயே போகிறேன்.

நேற்று கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
அவன் பெயரில் இருந்த பாக்கியை,
இரண்டு புட்டி மருந்து உட்பட,
எவுடோசியா அடித்துவிட்டிருந்தாள்,
அதே பேனாவால்.
என்னிடம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.